நந்தவன வேலித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் அம்மன் கோயில் நந்தவனத்தைச் சுற்றிப் பனங்கழி வேலி போடும் வேலை முடிந்தது. வரவு செலவு மண்டபப் பலகையில் ஒட்டியிருக்கிறது. ரசீதுகளைப் பொருளாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பொதுக்குழுவில் பெரியவர்கள் சிலர், பழைய திருவிதாங்கூர் எல்லை அரணான நெடுங்கோட்டை மாதிரி கூர்க்கழிகளை வெளிப்பக்கம் சாய்த்து நட வேண்டும், காட்டுப்பன்றி வந்தால் குத்திக்கொள்ளட்டும் என்றார்கள். கமிட்டி அதற்கு ஒப்பவில்லை. கொடுங்கல்லூர்ப் பக்கமிருந்து ஆனைமலை வரை நீண்ட அந்த அரணை 1789 டிசம்பரில் திப்பு முதலில் தாக்கியபோது தோற்றுத் திரும்பினார் என்றால், அதன் பலம் அகழியும் மண்மேடும் மூங்கில் புதரும் சேர்ந்த பலம். வெறும் முனை எதையும் தடுக்காது. அப்புறம் சட்டமும் இருக்கிறது. கேரள அரசு 2022-ல் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கொடுத்த அதிகாரம், பயிரை அழிக்கும் பன்றியை உரிமம் உள்ளவர் சுட அனுமதிப்பதற்குத்தான். விஷம், வெடி, மின்சாரம் எதுவும் கூடாது என்று அதிலேயே உண்டு. அம்மன் சந்நிதிப் பக்கத்தில் பன்றி குத்துப்பட்டுக் கிடப்பதும் நமக்கு அழகில்லை.

ஆகவே கழிகளை நேராக, நெருக்கி நட்டிருக்கிறோம். முனையைச் சீவியிருப்பது மழைக்காக. தட்டையாக விட்டால் தண்ணீர் தங்கி உச்சியிலிருந்தே உளுக்கும்.

மரத்துக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவில் என்ன பஞ்சம்? பட்டுப்போன பனைகளை மட்டும் எடுத்தோம். உள்ளே மெத்தென்று இருப்பதைக் கழித்துவிட்டு, வெளிச்சுற்றில் வைரம் பாய்ந்த கறுப்புப் பகுதியை மட்டும் கழியாகப் பிளந்தோம். பாதி மரம் இதிலேயே போய்விட்டது, அதனால்தான் செலவு கூடியது. அடியைத் தீயில் வாட்டி, தரைக்கு மேல் ஒரு சாண் வரை தார் பூசினோம். நட்ட மரம் முதலில் போவது மண்ணும் காற்றும் சேரும் அந்த இடத்தில்தான். ஜெர்மனியில் பாட் எம்ஸ் அருகே ரோமானியர் நட்ட கூர்மரங்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டு கழித்துக் கிடைத்தன. ஈர மண் காற்றை அண்டவிடவில்லை. நம் மண் அத்தனை தயவு காட்டாது, கறையானும் உண்டு. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தார் பூசியே ஆக வேண்டும்.

பன்றி தாண்டுவதைவிடக் கெல்லி நுழைவதுதான் அதிகம். எனவே வேலியடியில் வாய்க்கால் பறித்துக் கருங்கல் நிரப்பியிருக்கிறோம். உண்மையில் வேலையில் பாதி இதுதான், வெளியே தெரியாது.

வடக்குக் கதவுக்குக் கொண்டி இன்னும் வரவில்லை. அதுவரை பூப்பறிக்கப் போகிறவர்கள் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வரவும். வேலியில் ஆடு கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி