பஸ்டர் கீட்டன் படங்களைத் திரையிடும் நண்பர்களுக்கு

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் திரைப்படச் சங்கம் நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

மௌனப்பட நகைச்சுவை என்றால் முதலில் சாப்ளின், அடுத்தது கீட்டன். நம் திரையிடல்களில் இருவரும் எப்படியும் வந்துவிடுவார்கள். வரட்டும், எனக்கும் கீட்டன் என்றால் உயிர். ஆனால் அவருடைய சில படங்களில் வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக வருகிறார்கள். அந்த இடம் வந்ததும் உங்களில் சிலர் அந்தத் துண்டை வெட்டிவிடுகிறீர்கள். மற்றவர்கள் முழுசாகக் காட்டிவிட்டு, யாராவது கேட்டால், “அந்தக் காலத்துல அது யாருக்கும் தப்பாத் தெரியலைங்க” என்று முடித்துக்கொள்கிறீர்கள். வெட்டிவிடுகிறவர்களோடு எனக்குச் சின்ன வருத்தம்தான். இந்தப் பதிலோடுதான் சண்டை, ஏனென்றால் அது உண்மையில்லை.

தாமஸ் ரைஸ் என்ற அமெரிக்க வெள்ளை நடிகர் 1830 வாக்கில் கரி பூசி, கந்தல் உடுத்தி, ‘ஜிம் க்ரோ’ ஆட்டம் ஆடிப் பேர் வாங்கினார். பின்னாளில் கறுப்பினத்தவரை ரயிலிலும் பள்ளியிலும் தனியே ஒதுக்கிய சட்டங்களுக்கே அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. ரைஸுக்குப் பின்னால், இப்படிக் கரி பூசி ஆடிப்பாடிச் சிரிக்க வைக்கும் மின்ஸ்ட்ரல் குழுக்கள் ஊரெல்லாம் முளைத்தன. தக்கையை எரித்துப் பொடித்து, தண்ணீரில் குழைத்து முகம் முழுக்க அப்பிக்கொள்வார்கள். உதட்டைச் சுற்றி மட்டும் அகலமாக இடம் விட்டு, வெள்ளையோ சிவப்போ தீட்டுவார்கள். எந்த மனிதனுக்கும் அப்படியொரு முகம் கிடையாது.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃப்ரெடெரிக் டக்ளஸ் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. தன் ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகையில் 1848-லேயே இந்த ஆட்டக்காரர்களை வெள்ளைச் சமூகத்தின் கழிசடைகள் என்று எழுதினார். இயற்கை அவர்களுக்குத் தராத நிறத்தை எங்களிடம் திருடிக் காசு பார்க்கிறார்கள் என்றார். கீட்டன் பிறந்ததே 1895-இல். ஆக, யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை என்று நாம் சொல்லும் அந்த ‘யாருக்கும்’ என்பதில் டக்ளஸ் இல்லை, அவரைப் போன்ற லட்சக்கணக்கானோர் இல்லை. டிக்கெட் வாங்கிச் சிரித்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிரிட்டனிலும் இதே கதைதான். பிபிசி தொலைக்காட்சியில் 1958 முதல் ஒரு மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சி ஓடியது. நிறுத்தச் சொல்லி 1967-இல் மனு கொடுத்தார்கள். அது நின்றது 1978-இல்.

கீட்டனிடமே வருவோம். எல்லாக் காட்சியும் ஒரே எடை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘செவன் சான்ஸஸ்’ (1925) படத்தில் நாயகியின் வீட்டு வேலையாள், கரி பூசிய ஒரு வெள்ளை நடிகர். அவசரக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நத்தை வேகக் குதிரையில் வருகிறார். கறுப்பன் என்றால் மந்தம், அவ்வளவுதான் ஜோக். அதே படத்தில் மணப்பெண் தேடி அலையும் நாயகன் ஒரு பெண்ணை நெருங்குகிறான். கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் விலகிப் போகிறான். இந்த இரண்டு இடங்களுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பாறைகள் உருண்டு துரத்தும் அந்த அற்புதமான ஓட்டத்தை எடுத்த அதே ஆள்தான் இதையும் எடுத்தார் என்பது வயிற்றெரிச்சல்.

‘காலேஜ்’ (1927) கொஞ்சம் வேறு. கறுப்பினப் பரிமாறுபவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கரி பூசிக்கொண்டு நாயகன் வேலைக்குச் சேர்கிறான். காதலித்தவளே போட்டிக்காரனோடு சாப்பிட வந்துவிடுகிறாள். கரி கலைந்து குட்டு வெளிப்பட்டதும், சமையல்கட்டிலிருக்கும் நிஜமான கறுப்பின ஊழியர்கள் அவனைத் துரத்துகிறார்கள். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட வந்தாயா என்று அவர்கள் துரத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் படம் வேண்டுமென்று வைத்ததா, தானாக விழுந்ததா என்று விடிய விடியப் பேசலாம். ஆனால் வேஷத்தில் அவன் ஒயிலாக ஆடி ஆடி நடக்கும் நடை மட்டும் மின்ஸ்ட்ரல் மேடையிலிருந்து அப்படியே எடுத்தது.

வெட்டிவிடுகிறவர்களுக்கு ஒரு சொல். ‘ஹாலிடே இன்’ (1942) படத்தில் லிங்கன் பிறந்தநாள் பாட்டு ஒன்று வரும். அடிமைமுறையை ஒழித்தவரின் பிறந்தநாளுக்கு, நாயகனாக வரும் பாடகர் பிங் கிராஸ்பி கரி பூசிக்கொண்டு பாடுகிறார், நாயகிக்கும் பூசிவிடுகிறார். அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் இந்தப் பாட்டை வெட்டிவிட்டு ஒளிபரப்பியதுண்டு. விளைவு, பார்க்கிறவர்களுக்கு அது களங்கமில்லாத கிறிஸ்துமஸ் படம். வெட்டினால் தப்பிப்பது படம் எடுத்தவர்கள்தான்.

அமெரிக்காக்காரன் பாவம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஆட்டம் இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது. 1860-களில் டேவ் கார்சன் என்ற மின்ஸ்ட்ரல் நடிகர் இங்கே வந்து, ‘பெங்காலி பாபு’ என்று படித்த இந்தியனைக் கிண்டலடித்துப் பாடினார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் துரைமார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்கத்தா நாடக நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி, பதிலுக்கு துரை வேஷம் கட்டி மேடையேறி வெள்ளைக்காரனைக் கிண்டலடித்தார். புண்பட்டவர்கள் அன்றே பதில் சொன்னதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

2007-இல் வந்த ‘சிவாஜி’யில் அங்கவை, சங்கவை என்ற பாரி மகளிரின் பெயரை வைத்து, இரண்டு பெண்களுக்குக் கறுப்பு மேக்கப் போட்டு நம்மைச் சிரிக்க வைத்தார்கள். அதையும் அமெரிக்க அடிமைமுறை வரலாற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அதற்குச் சிரித்துப் பழகியவர்கள்தான் உங்கள் அரங்கில் கீட்டனைப் பார்க்க வருகிறார்கள். அதே வரிசையில் இங்கே படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர் ஒருவரும் உட்கார்ந்திருக்கலாம். “அப்ப அப்படித்தான்” என்ற பதிலை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள்.

எனவே படத்தை முழுசாகப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் டக்ளஸ் எழுதியதை இரண்டு நிமிடம் சொல்லுங்கள். முடிந்தால் பெர்ட் வில்லியம்ஸையும் காட்டுங்கள். பஹாமாஸில் 1874-இல் பிறந்த கறுப்பினக் கலைஞர். தன் நிறமே போதாதென்று கரி பூசித்தான் மேடையேற வேண்டியிருந்தது, அப்படியும் ஜீக்ஃபீல்ட் ஃபாலிஸ் என்ற நியூயார்க் ஆடல்பாடல் மேடையில் வெள்ளையர்களுக்கு நடுவே நட்சத்திரமானார். 1913-இல் அவர் நடித்து வெளிவராமல் கிடந்த ‘லைம் கில்ன் ஃபீல்ட் டே’ காட்சிகளை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2014-இல் தொகுத்துத் திரையிட்டது. சுற்றிலும் கரி பூசாத கறுப்பின நடிகர்கள், நடுவில் அவர் மட்டும் கரியோடு நிற்கிறார். அதை முதலில் போட்டுவிட்டு ‘செவன் சான்ஸஸ்’ போட்டால், அந்தக் குதிரைக்காரன் வரும்போது அரங்கில் எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை.

முன்னுரை எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
பின்வரிசையில் உட்காரும் ஒரு ரசிகன்