தோற்றவன் கடிதம்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதம் பதில் போடாதவன் திடீரென்று எழுதினால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். இல்லை. உன்னிடம் தோற்றதைச் சொல்ல எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், என் முழங்கால் தவிர.

மூன்று வருடம் முன்பு ஆல்ப்ஸில் கிரிம்சல் கணவாயிலிருந்து ஒரு துள்ளி வண்ணத்துப்பூச்சியின் படம் அனுப்பினேனே, கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த ஸ்கிப்பர்? பிர்கஸ் பேரினத்தில் ககாலியே என்ற இனம்தான் என்று அடித்துச் சொன்னேன். "அடிப்பக்கம் பார்த்தாயா?" என்று ஒரே வரி கேட்டாய். உனக்குப் பொறாமை என்று நமக்குத் தெரிந்த மீசைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தது இப்போதுதான் புரிகிறது.

போன ஜூலையில் மறுபடி அதே இடம், 2,164 மீட்டர். பனி உருகி ஓடும் ஓடை, ஈரப்புல், இடையிடையே பாறை. பதினொரு மணி வரை மேகம். ஒரு பூச்சி அசையவில்லை. வெயில் வந்ததும் தரையோடு தரையாகச் சாம்பல் தூசி மாதிரி ஒன்று பறந்தது. உட்கார்ந்தால் சிறகை விரித்தபடியேதான், உனக்குத் தெரியாததா! ஒரு மணி நேரம் சேற்றில் குப்புறக் கிடந்தேன். அது ஈரம் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது மேகம் மறைத்தது, சிறகை மூடியது. பின்சிறகின் அடியில் உள்விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு, கூடவே ஒரு வட்டப் புள்ளி. ஆச்சரியக்குறியேதான், மாப்ளே! ககாலியே இல்லை, அதே பிர்கஸில் இன்னொரு இனமான ஆண்ட்ரோமிடே!

பழைய படத்தை எடுத்துப் பார்த்தால், ககாலியேவுக்குச் சிறுத்து மங்கியிருக்க வேண்டிய முன்சிறகுப் புள்ளிகள் பளிச்சென்று சிரிக்கின்றன. குறிப்பேட்டில் ககாலியே என்று பதிவு பதினான்கு. அடிப்பக்கப் படம் இருப்பது நான்குக்கு. மீதி பத்தையும் 'பிர்கஸ், இனம் தெரியவில்லை' என்று மாற்றிவிட்டேன். அறுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் தெரியும். அதற்காகக் கொல்ல எனக்கு மனம் வராது.

1853இல் ஆண்ட்ரோமிடேவுக்குப் பெயர் வைத்த வாலன்கிரேன் சுவீடன் நாட்டுப் பாதிரியார். ஆல்ப்ஸில் இருக்கும் இந்த இனம் ஸ்காண்டிநேவிய மலைகளிலும் இருக்கிறது. நடுவே சமவெளியில் கிடையாது. பனியுகக் குளிர் விலகியபோது சில வடக்கே போயின, சில மேலே ஏறின. இனி எங்கே ஏறும் என்று யோசித்தால் தூக்கம் போகிறது.

சரி, உன் சுவரில் மாட்டிய படத்துக்குக் கீழே பெயரை மாற்றிவிடு. பென்சிலால் எழுது.

உன்,
கணேசன்