பஞ்சு இல்லாத தோட்டம்

அன்புள்ள மகளுக்கு,

நம் பூனை பஞ்சு போய்விட்டாள் என்று தொலைபேசியில் சொன்னபோது உன்னால் பேச முடியவில்லை. என்னாலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு வலித்ததா, இன்னும் சில நாள் பொறுத்திருக்கலாமா என்று நீ கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டவற்றுக்கு எழுத்தில் நிதானமாகப் பதில் சொல்வதே நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு 17 வயது. பூனையின் முதல் ஆண்டை மனித வயதில் 15 என்றும், இரண்டாம் ஆண்டு முடியும்போது 24 என்றும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு என்றும் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் அவள் 84 வயதுக் கிழவி, என்னைவிட மூத்தவள். ஆனாலும் கடைசிவரை அவளைக் குழந்தை என்றுதான் கூப்பிட்டேன்.

வயதான பூனைகள் பலவற்றுக்கு வரும் நாள்பட்ட சிறுநீரக நோய்தான் அவளுக்கும் வந்தது. சிறுநீரைச் செறிவாக்கும் திறனைச் சிறுநீரகம் இழக்கும்போது உடலின் நீர் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் உயர்ந்திருப்பது தெரியவரும் நேரத்தில் சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். போனதை மீட்க மருந்து கிடையாது. பாஸ்பரஸ் குறைந்த உணவும், பிடரித் தோலுக்கு அடியில் ஏற்றும் சலைனும் அவளுக்கு நல்ல நாட்களைக் கூட்டித் தந்தன. ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உன் அப்பாதான் அந்தச் சலைனை ஏற்றக் கற்றுக்கொண்டார் என்பதை நீ நம்பமாட்டாய்.

பிறகு அவள் உணவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகத் தொடங்கினாள், தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தினாள், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தடவிக்கொடுத்தால் மட்டும் தொண்டைக்குள் அந்தப் பழைய உறுமல் எழும். அதைக் கேட்டு அப்பா நம்பிக்கை கொண்டார். மகிழ்ச்சியில் மட்டுமன்றி, வலியிலும் அச்சத்திலும்கூடப் பூனைகள் அப்படி உறுமும் என்பதை மருத்துவர் பக்குவமாக அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் மயக்க ஊசி போட்டார்கள். அவள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். அதன் பின்னரே இதயத்தை நிறுத்தும் மருந்து செலுத்தப்பட்டது, சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது. கண்கள் திறந்தே இருந்தன. பூனைகளுக்கு அப்படித்தான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. அவளுக்கு வலிக்கவில்லை, மகளே. பொறுத்திருந்தால் நமக்குச் சில நாட்கள் கிடைத்திருக்கும், அவளுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

தோட்டத்தின் மூலையில் புதைத்தோம். குழியை அப்பா ஆழமாக, மிக ஆழமாகத் தோண்டினார். அந்த மருந்து இறந்த உடலில் நெடுநாள் தங்கியிருக்கும். நாயோ கீரியோ கழுகோ தோண்டித் தின்றால் அவற்றையும் கொன்றுவிடும். வாழ்நாளெல்லாம் தோட்டத்து உயிர்களைத் துரத்தியவள் இறந்த பிறகும் அவற்றைத் துரத்த வேண்டாம் என்று அப்பா சொன்னபோது, அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அவர் சொன்னது பொய்யல்ல. பஞ்சு இளமையில் தேர்ந்த வேட்டைக்காரி. ஓணான்களையும் ஓரிரு கொண்டைக்குருவிகளையும் அவள் வாசற்படியில் கொண்டுவந்து போட்டது உனக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் மட்டும் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வயதாகி வீட்டுக்குள் அடங்கிய பின், அவள் சன்னல் திண்டில் படுத்து, வெளியே ஒரு மைனா இறங்கினால் தாடையை வெடவெடவென்று ஆட்டி ஒரு விநோதக் குரல் எழுப்புவாள். அந்தக் குரல் கேட்டதும் அணில் வாலைச் சிலிர்த்துக்கொண்டு பதிலுக்குக் கீச்சிடத் தொடங்கிவிடும். இந்தச் சண்டையே எங்கள் காலை நேரமாக இருந்தது.

இப்போது அணில் திண்டுக்கே வந்துவிடுகிறது. முதலில் அது எனக்குக் கோபமூட்டியது. அவள் இடத்தில் இது உட்காருவதா என்றுகூட நினைத்தேன். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அகன்ற இலைச் செடி ஒன்றில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. இலையின் இரு ஓரங்களிலும் அலகால் துளையிட்டு, பஞ்சிழையையும் சிலந்தி நூலையும் அவற்றினூடே இழுத்துத் தொட்டிலாகத் தைத்திருக்கும் நேர்த்தியை நீ அருகிலிருந்து பார்க்க வேண்டும். விடியுமுன் குண்டுகரிச்சான் பாடுகிறது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகுகளைப் புரட்டிவிட்டு, ஒன்று கத்தினால் அனைத்தும் கத்தி, காரணமே இல்லாததுபோல் எழுந்து போகின்றன. அவற்றைப் போன்ற அரட்டைக்காரர்களை நான் பார்த்ததில்லை.

அவளது சீப்பில் சேர்ந்திருந்த முடியைக் கூடு கட்டும் பறவைகளுக்காகக் கிளையில் தொங்கவிடலாம் என்றார் அப்பா. நினைக்க நன்றாகத்தான் இருந்தது, நான் மறுத்துவிட்டேன். தெள்ளுப்பூச்சிக்காக நாம் அவள் மேல் விட்டுவந்த சொட்டு மருந்து முடியில் ஒட்டியிருக்கும், அது குஞ்சுகளுக்கு நஞ்சு. முடியைத் தாளில் பொதிந்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பஞ்சு இல்லாததால் தோட்டம் சாந்தமாகிவிட்டது என்றும் எண்ணிவிடாதே. கொண்டைக்குருவி ஒன்று மூன்று முட்டைகள் இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. செம்பழுப்புச் சிறகுடைய செண்பகப் பறவை ஒரு காலையில் புதருக்குள் நுழைந்தது, அடுத்த முறை நான் பார்த்தபோது கூடு காலியாக இருந்தது. எல்லாப் பழியையும் பஞ்சுவின் மேல் போட்டுக்கொண்டிருந்த அப்பா அன்று முழுவதும் அவளுக்காக வழக்காடினார். கொண்டைக்குருவி இணை சில நாட்களிலேயே வேறொரு கிளையில் நாரும் குச்சியும் சேர்க்கத் தொடங்கிவிட்டது.

இவற்றையெல்லாம் ரசிப்பது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று முதலில் எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து பறவை பார்க்கும் பழக்கம் எனக்கு வந்ததே அவளுடன் உட்கார்ந்து உட்கார்ந்துதானே.

இனி நீ பதில் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அப்பா ஒரு பூனைக்குட்டி வேண்டும் என்கிறார். தையல்சிட்டின் குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதன்பின் வந்தாலும் அது முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் வளரும் குட்டியாகத்தான் இருக்க வேண்டும், சன்னலுக்கு வலை அடித்துத் தரவேண்டியது அவர் பொறுப்பு. பூனையை அடைத்து வளர்ப்பது கொடுமை என்பது அவர் கட்சி. நீ யார் பக்கம் என்று எழுது. அடுத்த முறை வரும்போது உன் பைனாகுலரையும் எடுத்து வா. என் கண்ணாடியை வைத்துக்கொண்டு உயரக் கிளையில் இருப்பது எந்தத் தேன்சிட்டு என்று தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா