முன்னாடி ஹார்ட் படம், பின்னாடி உப்பு: உங்க மசாலா ஓட்ஸ் பத்தி புகார்

வணக்கம் சார் / மேடம்,

கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி சொல்லியாச்சு, "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரு மெசேஜும் அடுத்த தடவை வாங்கினா தள்ளுபடின்னு ஒரு கூப்பனும் வந்துச்சு, அவ்ளோதான். அதான் இந்த மெயில். கூப்பன் வேணாம், பதில் வேணும்.

எங்க அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, பிரஷரும் இருக்கு. டாக்டர் உப்பைக் குறைக்கணும், காலைல ஓட்ஸ் சாப்பிடலாம்னாரு. பெரம்பூர்ல எங்க தெரு கடையில முன்னாடியே சரம் சரமா தொங்கறது உங்க மசாலா ஓட்ஸ்தான், பெருசா சிவப்பு ஹார்ட் படம், "கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும்"னு கொட்டை எழுத்து, பக்கத்துல ஒரு குட்டி ஸ்டார். அந்த ஸ்டாருக்கு விளக்கம் எங்கன்னு தேடினா பின்னாடி ஒட்டின மடிப்புக்குள்ள போயிருக்கு, தினமும் 3 கிராம் பீட்டா குளுக்கன் (ஓட்ஸ்ல இருக்கற ஒரு நார்ச்சத்து) சாப்பிட்டாதானாம்.

3 கிராம்ங்கறது பொய் இல்ல. அமெரிக்காவுல உணவு, மருந்தைக் கண்காணிக்கற எஃப்டிஏ 1997லயே அந்த அளவை வெச்சுதான் ஓட்ஸ் பாக்கெட்ல இதயத்தைப் பத்தி எழுதிக்கலாம்னு விட்டாங்க. ஆனா உங்க 40 கிராம் பாக்கெட்ல ஓட்ஸ் 73 சதவீதம்தான், மீதி உப்பு, சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கற ஸ்டார்ச் பொடி, காஞ்ச கேரட் ரெண்டு. அப்போ ஓட்ஸ் 29 கிராம் சொச்சம், அதுல பீட்டா குளுக்கன் 4 சதவீதம்னு வெச்சாலும் 1.2 கிராம் கூட தேறாது. 3 கிராம் வரணும்னா மூணு பாக்கெட் பிரிக்கணும். பாக்கெட்டுக்கு சோடியம், அதாவது உப்புல இருக்கற சத்து, 500 மில்லிகிராம்னு நீங்களே போட்டிருக்கீங்க, மூணுக்கு 1500. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாள் முழுக்க சொல்றதே 2000க்குள்ளதான். மத்தியானம் சாம்பார் ரசம்லாம் எந்தக் கணக்குல வரும்?

பிரஷர் பேஷண்ட் வீட்டுக்குப் போய் ஹார்ட் படம் காட்டி உப்பை வித்துட்டு, விஷயத்தை மடிப்புல வெக்கறது முழு பூசணிக்காயை சோத்துல மறைக்கற வேலைங்க. வெறும் ஓட்ஸ்ல சோடியமே கிட்டத்தட்ட கிடையாது, இப்போ அதைத்தான் வாங்கி கஞ்சியா காய்ச்சி மோர் ஊத்தி சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டுக் குடுக்கறோம் (அப்பா மூஞ்சிய சுளிக்கறாரு, அது வேற கதை).

எனக்கு வேண்டியது இதுதான். பாக்கெட்டுக்கு எவ்ளோ பீட்டா குளுக்கன்னு லேப் ரிப்போர்ட்டோட எழுத்துல சொல்லுங்க. சோடியம் அளவை அந்த ஹார்ட் படம் இருக்கற பக்கத்துலயே அதே சைஸ்ல போடுங்க, முடியலன்னா ஹார்ட்டை எடுத்துடுங்க. பிரிக்காத பாக்கெட்டெல்லாம் பில்லோட வெச்சிருக்கேன், ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டு பணத்தைத் திருப்பிக் குடுங்க.

விளம்பரத்துல சொல்றது ஆளை ஏமாத்தற மாதிரி இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2018லயே விதி போட்டிருக்கு. ரெண்டு வாரத்துக்குள்ள ஒழுங்கான பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணிடுவேன், பாக்கெட்டோட ரெண்டு பக்க போட்டோவும் பில்லும் இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை