கோபகபானா என்று பணம் வாங்கிவிட்டு பார்ராவில் தங்கவைத்தது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

வணக்கம்.

உங்கள் பிரேசில் சுற்றுலாவில் பெற்றோருடன் ரியோ டி ஜெனிரோ போய்வந்தேன். ஊரைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் உங்கள் ஏற்பாட்டில்தான்.

பயணத்திட்டத்தில் 'கோபகபானா கடற்கரை ஓட்டல்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். தங்கவைத்ததோ பார்ரா டா டிஜூகாவில். போன் செய்து கேட்டால், "அதுவும் ரியோதானே சார், அங்கேயும் கடல் இருக்கே" என்கிறார் உங்கள் அலுவலர். இருக்கிறது, கோபகபானாவைவிட நீளமாகவே இருக்கிறது. ஆனால் அது நகரின் மேற்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம். அகலமான நெடுஞ்சாலை, மால்கள், சுற்றுச்சுவர் போட்ட அடுக்குமாடிகள். கருப்பு வெள்ளைக் கற்களில் அலை அலையாகக் கோலம் பதித்த நடைபாதையில் தினமும் காலையில் நடக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மாலையில் அர்ப்போவடோர் பாறையில் உட்கார வேண்டும் என்பது அம்மாவுக்கு. கோபகபானாவில் தங்கியிருந்தால் இரண்டுக்கும் நடந்தே போயிருக்கலாம். பார்ராவிலிருந்து எதற்கும் டாக்ஸி, போக்குவரத்து நெரிசல். அந்தச் செலவும் எங்கள் தலையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோபகபானாவின் கடற்கரைச் சாலையான அவெனிடா அட்லாண்டிகாவின் கடலோரப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிடுவார்கள். அந்தக் காலைப்பொழுதில் உங்கள் வழிகாட்டி எங்களை ஒரு ரத்தினக்கல் கடையில் உட்காரவைத்திருந்தார். பயணத்திட்டத்தில் எங்கேயும் இல்லாத கடை! ஒன்றும் வாங்கப்போவதில்லை என்று சொன்ன பிறகும் வேன் கிளம்பவில்லை.

அப்புறம் கிறிஸ்து சிலை இருக்கும் கொர்கோவாடோ மலை. 'மலை ரயிலில் பயணம்' என்று போட்டிருந்தீர்கள். 1884-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. 1931-இல் திறக்கப்பட்ட கிறிஸ்து சிலையின் பாகங்களே அதில்தான் மேலே போயின. கூட்டிப்போனது வேனில். ரயில் டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். மாதக்கணக்கில் முன்னாடியே பணம் கட்டியவர்களிடம் சொல்லும் பதிலா இது? மேலே மேகம் மூடிக்கொண்டதற்கு நீங்கள் பொறுப்பல்ல, அதை நான் சேர்க்கவில்லை.

இரண்டு ஓட்டல்களுக்கும் இடையிலான கட்டண வித்தியாசம், ரயிலுக்காக வாங்கிய தொகை, டாக்ஸிச் செலவு ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். ரசீதுகளின் நகலும் உங்கள் பயணத்திட்டமும் இணைத்துள்ளேன். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி கூப்பன் வேண்டாம். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்