கார்பனாராவில் கிரீம் எதற்கு?

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கார்பனாரா குறிப்பில் ஒரு கப் கிரீம் ஊற்றச் சொல்லியிருந்தீர்கள். ரோமாபுரியின் இந்தப் பாஸ்தாவுக்குக் கிரீம் வேண்டியதே இல்லை. குழைவைத் தருவது முட்டையும் பாஸ்தா வெந்த நீரும்தான். இருவருக்கு 200 கிராம் ஸ்பாகெட்டி (நீள இழைப் பாஸ்தா), 3 மஞ்சள் கரு, ஒரு முழு முட்டை, துருவிய பெக்கொரினோ சீஸ் 50 கிராம், தாராளமாக மிளகுத்தூள். குவாஞ்சாலே எனும் உப்பிட்ட பன்றிக் கன்னக் கறியை எண்ணெய் விடாமல், சிறு தீயில், கொழுப்பு உருகி ஓரம் மொறுமொறுக்கும்வரை வதக்க வேண்டும். வெந்த பாஸ்தாவை அதில் புரட்டி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் ஆறிய பிறகே முட்டை, சீஸ், மிளகுத்தூள் சேர்த்து அடித்த கலவையை ஊற்ற வேண்டும். சூடு 70 டிகிரியைத் தாண்டினால் முட்டை திரிந்து பொரியலாகிவிடும். அந்தப் பயத்தில்தான் பலர் கிரீமைத் தேடுகிறார்கள். இறுகினால் பாஸ்தா வெந்த நீர் இரண்டு கரண்டி விட்டுக் கிளறுங்கள். பளபளவென்று இழையில் ஒட்டிக்கொள்ளும்.

வாசகர், மதுரை