ஒரு கைப்பிடி கராம்பு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை திண்ணையில் உட்கார்ந்து, காப்பியில் இனிப்பே இல்லை என்று அம்மாவிடம் சண்டை பிடித்தார். அந்தச் சண்டைக்காக எத்தனை பேர் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தான்சானியாவின் சான்சிபார் தீவில் அப்பா விழுந்து மருத்துவமனையில் கிடந்த அந்தப் பதினொரு நாள் எப்படிப் போனது என்பதும் உங்களுக்குத் தெரியும். மணிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் நீங்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

தார் எஸ் சலாமிலிருந்து படகேறி ரசமும் சோறும் கொண்டுவந்த தமிழ்க் குடும்பம், அறை வாடகையைப் பேச்சிலேயே எடுக்காத விடுதிக்காரர், இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்ற செவிலியர்கள், ஊரில் அம்மாவைத் தனியே விடாத சித்தியும் அத்தையும், பெயரைச் சொல்லக் கூடாது என்ற கட்டளையோடு பணம் அனுப்பியவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். பயணக் காப்பீட்டுக்காரர்களோடு எனக்குள்ள கணக்கு வேறு, அதை இங்கே தீர்க்கப் போவதில்லை.

இந்த மடலை எழுதத் தூண்டியவர் இவர்களில் யாரும் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் படிக்கவும் மாட்டார்.

அப்பா குமரி மாவட்டத்து மாறாமலையில் கராம்புத் தோட்டத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். நல்ல விளைச்சல் வரும் ஆண்டுகளில் வியாபாரி வந்து, "சான்சிபார் சரக்கு இறங்கிவிட்டது" என்று சொல்லியே விலையைக் குறைப்பாராம். வாழ்நாள் முழுக்கத் தன் கூலியைத் தின்ற அந்தத் தீவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பழைய வீம்பு. அழைத்துப் போனது நான்தான்.

கிசிம்பானிப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டி, என்னவென்று கேட்பார்கள். அப்பா பட்டையைச் சொன்னார், ஏலத்தைச் சொன்னார். ஜாதிக்காயைப் பிளந்து காட்டும் முன்பே, உள்ளே சிவப்பு வலைபோல் பத்திரி இருக்கும் என்று கையால் வரைந்து காட்டினார். அதற்குப் பிறகு வழிகாட்டிப் பையன் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே நடந்தான். 'பாபு, பாபு' என்று கூப்பிட்டான். சுவாஹிலியில் தாத்தாவுக்கு அதுதான் பெயர். அந்த மண்ணில் முதல் கராம்பு மரங்களை வளர்த்தவர்கள் அடிமைகள் என்றும், அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1897இல்தான் என்றும் அவன் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு மரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தார். வியாபாரிமீது இருந்த கோபத்தை அன்றோடு அந்த ஊர்மீது காட்டுவதை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு கிளையை வளைத்து, இதழ் விரியாத மொட்டுகளாகப் பார்த்து ஒரு கை பறித்தார். அதோடுதான் விழுந்தார்.

அந்தக் கூச்சலில், தலையில் துணி சுற்றிய ஒரு முதிய பெண்மணி குனிந்து அப்பாவின் மூடிய விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மோதிரத்தைக் கழற்றுகிறார் என்று நினைத்து நான் கத்தினேன், கையைத் தட்டியும் விட்டேன். அவர் "போலே, போலே" என்றார். வருத்தத்தில் இருப்பவர்களுக்கு அங்கே சொல்லும் வார்த்தை அது. எனக்கு அப்போது தெரியாது.

ஆறாம் நாள் அவர் மருத்துவமனைக்கு வந்தார். 'டாலாடாலா' என்று சொல்லும் நெரிசல் வண்டியில் ஏறி, ஊர் ஊராக நின்று நின்று வந்திருக்கிறார். வழிகாட்டிப் பையன் உடன் வந்து மொழி சொன்னான். 1964 புரட்சிக்குப் பிறகு குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்களே, அப்படிக் கிடைத்த நிலத்தில் பிழைக்கிறவர். மடியிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தார். அங்கே பெண்கள் உடுத்தும் காங்காத் துணியின் பழைய கிழிசல். அவிழ்த்தால் கராம்பு. அப்பா கையிலிருந்த அதே மொட்டுகள். கீழே சிந்தியவற்றையும் பொறுக்கி, தம் சரக்கோடு கலந்துவிடாமல் பாயின் ஒரு மூலையில் தனியே காயவைத்து, மாலையில் அள்ளி, காலையில் பரப்பி, பழுப்பாக்கிக் கொண்டுவந்திருக்கிறார். மற்றவர்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, அவர் பறித்தது வீணாகக் கூடாது என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

"கராஃபூ" என்றார் அவர்.

நாலு நாளாக வாய் திறக்காத அப்பா, "கராம்பு" என்றார்.

பிறகு ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினார், ஒடித்தார், முகர்ந்தார். "இன்னும் ஒரு வெயில் காய வேண்டும்" என்றார். நான் அழுதுகொண்டே மொழிபெயர்க்க, அந்தப் பெண்மணி அப்படிச் சிரித்தார்! எட்டுக் கட்டில் உள்ள அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. கையைத் தட்டிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பையன் அதை ஒழுங்காகச் சொன்னானா என்பது இன்றுவரை எனக்கு உறுத்தல்.

இப்போது அந்தக் கராம்பு எங்கள் முற்றத்தில் சுளகில் கிடக்கிறது. நாகர்கோவிலில் மூன்று நாளாக மழை. அந்த ஒரு வெயில் இன்னும் கிடைக்கவில்லை. துணிக்கிழிசலில் பாதி எழுத்துகள் இருக்கின்றன. காங்காவில் ஏதாவது ஒரு வாசகம் அச்சிட்டிருப்பார்கள், எங்களுக்கு வந்தது அதன் வால்.

பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இந்தத் துணியில் நம் மாறாமலைக் கராம்பை முடிந்து அனுப்பலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறாயா?" என்று சிரித்தார். சற்று நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "அனுப்பு. அந்த அம்மாவும் ஒன்றை ஒடித்துப் பார்த்து ஒரு குறை சொல்லட்டும்."

இந்த ஆண்டு தான்சானியா பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கால் கிலோதான், கனம் இருக்காது.